அனிமேஷன் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். தாள், பென்சில், ஒரு பழைய லப்டொப், ஆளுக்கொரு போன், இவ்வளவும்தான் எங்கள் வகுப்பு. அந்தப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மூதூரிலோ வெருகலிலோ குச்சவெளியிலோ இருந்துகொண்டு தனியாகப் பழகும் பிள்ளைக்கு இது ஒரு வகுப்பாக இருக்கட்டும்.

எனக்கு வரையவே வராது. அனிமேஷன் பழகலாமா?

தாராளமாகப் பழகலாம். முதல் இரண்டு மாதம் வட்டமும் அரிசிச் சாக்கும் வரைந்தால் போதும். அழகாக வரைவது ஒரு திறமை, அசைவை வரைவது இன்னொரு திறமை. சித்திரப் போட்டிகளில் பரிசு வாங்கிய தம்பி ஒருவன் எங்களிடம் வந்தான். அவன் வரைந்த பந்து பளபளவென்று இருந்தது, ஆனால் விழவில்லை, காற்றில் மிதந்தது. அவனுக்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சி கோணல் மாணலாக ஒரு வட்டம் போட்டாள். அது ‘தொப்’பென்று விழுந்தது. இடைவெளியை அவள் சரியாக வைத்திருந்தாள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடுகிறோம் என்பதில்தான் இந்தக் கலை இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவும் அந்த ஒரே விசயத்தைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து சொல்லும்.

அசையாத படங்கள் எப்படி அசைவதுபோலத் தெரிகின்றன?

கண்ணில் ஒரு படிமம் கொஞ்ச நேரம் தங்கி நிற்பதால் என்று பாடசாலையில் சொல்லித் தருவார்கள். அது பாதிக் கதை. கண்ணில் படிமம் தங்குவது மட்டுமே காரணமாக இருந்தால் எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து மங்கலாகத்தான் தெரிய வேண்டும். உண்மையில் வேலை செய்வது மூளை. இங்கே இருந்த பொருள் அடுத்த கணம் அங்கே இருந்தால், இங்கிருந்து அங்கே நகர்ந்திருக்க வேண்டும் என்று அதுவே நடுவை நிரப்பிக்கொள்கிறது. ஜேர்மன் உளவியலாளர் மக்ஸ் வெர்தைமர் 1912இல் இதை ஆராய்ந்து எழுதினார். அதற்கு வெகு முன்பே, 1832இல், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாட்டோ சுழலும் வட்டத் தட்டில் படங்களை வரைந்து அசையவிட்டுக் காட்டியிருந்தார். 1868இல் இங்கிலாந்தில் விரலால் புரட்டும் படப் புத்தகத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். கணக்குக் கொப்பியின் ஓரத்தில் நாம் எல்லோரும் ஒரு காலத்தில் வரைந்தது அதைத்தான்.

செக்கனுக்கு எத்தனை படம் வரைய வேண்டும்?

சினிமா செக்கனுக்கு 24 பிரேம் ஓடுகிறது. பிரேம் என்பது திரையில் ஒரு தடவை வந்துபோகும் படம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை 25. ஆனால் கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தையே இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்போது செக்கனுக்கு 12 படம் போதும். நீங்கள் 12இலேயே தொடங்குங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு படத்தை மூன்று பிரேம் நிறுத்தி, செக்கனுக்கு 8 படத்தோடும் ஓட்டுவார்கள். ஜப்பானியப் படக்கதைக் கலைஞர் ஒசாமு தெசூக்காவின் நிறுவனம் 1963இல் வாரத் தொடர் தயாரிக்கத் தொடங்கியபோது நேரமும் பணமும் போதாமல், உடம்பை நிறுத்திவிட்டு வாயையும் கண்ணையும் மட்டும் அசைக்கும் வழிகளைக் கைக்கொண்டது. எங்கே அசைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தால் குறைந்த படங்களும் போதும்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு றீம் ஏ4 தாள் வாங்குங்கள். அதில் 500 தாள் இருக்கும். பாதியாக வெட்டினால் 1000. செக்கனுக்கு 12 என்றால் 83 செக்கன் படத்துக்குக் காணும். ஒரு வருடப் பயிற்சிக்கு இது போதும்.

அடுத்தது, தாள்கள் நழுவாமல் இருக்க ஒரு பலகை. கந்தோர்களில் பாவிக்கும் இரட்டைத் துளைக் கருவி போடும் இரண்டு துளைக்கும் நடுவே 8 சென்ரிமீற்றர் இருக்கும், துளையின் விட்டம் 6 மில்லிமீற்றர். தச்சுப் பட்டறையில் 6 மில்லிமீற்றர் மர ஆணி இரண்டு கேட்டு வாங்கி, ஒரு ஒட்டுப்பலகைத் துண்டில் 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால் முடிந்தது. துளையிட்ட தாள் எதுவும் அதில் வந்து சரியாக உட்காரும். அடியில் இருக்கும் படம் தெரிய வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, மேலே கண்ணாடி வைத்து, கீழே ஒரு எல்ஈடி பல்பைக் கொளுத்தி விடுங்கள். கண்ணாடியின் ஓரத்துக்கு மறக்காமல் டேப் ஒட்டுங்கள், கையை வெட்டும்.

விலை கூடிய வரைபலகை, ஸ்டைலஸ் பேனா எல்லாம் முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

முதல் பயிற்சி எது?

விழுந்து எழும்பும் பந்து. உலகம் முழுக்க இதில்தான் தொடங்குகிறார்கள், அதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு பழைய டென்னிஸ் பந்தை நெஞ்சு உயரத்திலிருந்து, அதாவது 1.2 மீற்றர் அளவிலிருந்து விட்டால், நிலத்தைத் தொட அரைச் செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 12 படம் என்றால் அரைச் செக்கனுக்கு ஆறு நகர்வு. புதிதாக வருபவர்கள் அந்தத் தூரத்தை ஆறு சம பங்காகப் பிரித்துவிடுவார்கள். அதனால்தான் பந்து மின்தூக்கி போல இறங்குகிறது. விழும் பொருள் வேகம் கூடிக்கொண்டே போகும். சம நேரத்தில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7, 9, 11 என்று ஒற்றை எண்களாக வளரும். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் அண்ணாமாரிடம் கேட்டால் கணக்குப் போட்டே காட்டுவார்கள்.

அந்த ஆறு எண்ணையும் கூட்டினால் 36. உங்கள் பாதித் தாளின் உயரம் 21 சென்ரிமீற்றர். அதில் 18 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். ஒரு பங்கு அரைச் சென்ரிமீற்றர் என்று கொண்டால், மேலிருந்து ½, 2, 4½, 8, 12½, 18 என்ற இடங்களில் குறி விழும். உச்சியில் ஒரு பந்து, பிறகு ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு குறியில் ஒரு பந்து. கடைசிப் பந்து நிலத்தைத் தொடுகிறது.

இனி எழும்ப வேண்டும். பந்து விழுந்த உயரத்துக்குத் திரும்பப் போகாது. 8 சென்ரிமீற்றர் வரை எழும்புகிறது என்று வையுங்கள்: நிலத்திலிருந்து 3½, 2½, 1½, ½ என்று நாலு நகர்வு. மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது. அதே நாலு நகர்வைத் தலைகீழாக்கி இறக்குங்கள். அடுத்த எழும்பல் 1½, ½ என்று இரண்டே நகர்வு. இறக்கிவிட்டால் பந்து ஓய்ந்தது.

தாள்களைப் புரட்டிப் பாருங்கள். அந்த முதல் தடவை பந்து கனத்தோடு விழுவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

பிறகு நிலத்தைத் தொடும் படத்தில் பந்தைச் சற்று நசுக்கி, அதற்கு முந்தின படத்தில் சற்று நீட்டுங்கள். நசுங்கும்போது அகலம் கூட வேண்டும். இல்லாவிட்டால் பந்து சுருங்கியதுபோலத் தெரியும். லெதர் பந்தாக இருந்தால் நசுக்க வேண்டாம், எழும்பும் உயரத்தை மட்டும் குறையுங்கள். இரும்புக் குண்டென்றால் ஒரே ஒரு சின்ன எழும்பல். வட்டம் ஒன்றுதான், இடைவெளியை மாற்றினால் பொருளே மாறிவிடும்.

12 விதிகள் என்று சொல்கிறார்களே, அவற்றைப் பாடமாக்க வேண்டுமா?

டிஸ்னி நிறுவனத்தில் நீண்ட காலம் வரைந்த பிராங்க் தோமஸ், ஒலி ஜோன்ஸ்டன் இருவரும் 1981இல் தங்கள் அனுபவத்தை 12 விதிகளாகத் தொகுத்தார்கள். நல்ல தொகுப்பு. ஆனால் பட்டியலைப் பாடமாக்கி வரும் பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்ததும் திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு அசைவைக் கூர்ந்து பாருங்கள், அதற்குள்ளேயே நாலைந்து விதி இருக்கும்.

கிண்ணியாவிலிருந்து வரும் பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி தன் வாப்பா வீச்சுவலை எறிவதைப் போனில் எடுத்து வந்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வலையைக் கையிலும் முழங்கையிலும் மடித்து ஏந்தியபடி அவர் முதலில் பின்பக்கம் திரும்புகிறார். முன்னால் எறியப் போகிறவர் பின்னால் போகிறார். அது 0.6 செக்கன். அந்தப் பின்னசைவு இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு எறிவது புரியவே புரியாது. இதைத்தான் அந்தப் பட்டியல் ‘அன்டிசிப்பேஷன்’ என்கிறது. அடுத்து இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், பிறகு கை. மூன்றும் ஒன்றாக அல்ல, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு. அது கால் செக்கன்தான். பிறகு வலை காற்றில் விரிகிறது. ஓரத்து ஈயமணிகள் முன்னே ஓட, நூல் கண்ணிகள் பின்னாலே இழுபட்டு வர, நடுப்பகுதி கடைசியாக விரிகிறது. கனமானது முந்தும், இலேசானது பிந்தும். ஒரு பெண்ணின் பின்னலையோ கோயில் கொடியையோ வரைந்தாலும் இதே கதைதான். விரிந்து தண்ணீரில் விழ 0.8 செக்கன்.

செக்கனுக்கு 12 படம் என்று கணக்குப் பார்த்தால் பின்னசைவுக்கு 7, எறிவதற்கு 3, விரிவதற்கு 10. மொத்தம் 20 படம். எறிவதற்கு மூன்றே மூன்றுதானா என்று அவள் நம்பவில்லை. மெதுவாகப் பின்போவதற்கு நிறையப் படம், வேகமாக முன்வருவதற்குக் கொஞ்சப் படம்: அந்த ஏற்றத்தாழ்வில்தான் விசை தெரிகிறது. அவள் அதை எப்படி முடித்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனிதர் நடப்பதை எப்படி வரைவது?

ஒரு எட்டுக்கு, அதாவது ஒரு காலடிக்கு, நாலு நிலை பிடியுங்கள். முன்கால் குதி நிலத்தைத் தொடும் நிலை, பாரம் இறங்கி முழங்கால் மடிந்து உடம்பு தாழும் நிலை, பின்கால் முன்காலைக் கடக்கும் நிலை, முன்விரலில் ஊன்றி உடம்பு உயரும் நிலை. சாதாரண நடையில் ஒரு எட்டு அரைச் செக்கன் எடுக்கும். தலை ஒரே மட்டத்தில் போனால் ஆள் சறுக்குவதுபோல இருக்கும். தாழ்ந்து உயர்ந்து போக வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் நடைப் படங்களைப் பார்த்து வரைவது பயிற்சிக்கு நல்லது. அதோடு நிறுத்திவிட வேண்டாம். பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருங்கள். மணலில் நடப்பவர் குதியால் ஊன்றுவதில்லை, கால் புதையும், உடம்பு முன்னுக்குச் சாயும். கச்சான் விற்பவர் கூடையின் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் இடுப்பை வளைத்து நடப்பார். செருப்பைக் கையில் தூக்கியவர், பிள்ளையைத் தோளில் வைத்தவர், கோயிலுக்குப் போக நேரம் பிந்தியவர் என்று ஒவ்வொருவர் நடையும் ஒவ்வொரு தாளம்.

கோட்டைக்குள் நிற்கும் மான்களை வரைய ஆசை. நாலு காலும் குழப்புகிறதே?

எல்லோருக்கும் குழப்பும். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புமா என்பதை மனிதக் கண்ணால் தீர்க்க முடியாமல் இருந்தது. 1878இல் எட்வேர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கமராக்களை வைத்துப் படம்பிடித்து, எழும்புகிறது என்று காட்டினார். நீங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு நடையில் தொடங்குங்கள். பிரெட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் ஆட்களுக்குக் கூச்சப்படாமல் நடக்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். இந்த ஒழுங்கை வாயால் சொல்லிச் சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். வரையும்போது இரண்டு மனிதர் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள், பின்னால் வருபவர் கொஞ்சம் முந்திக் காலெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டால் இலகு. மானுக்குச் சாப்பாடு காட்டிக் கூப்பிட வேண்டாம். பிளாஸ்ரிக் பையைத் தின்று அவை படும் பாடு போதும்.

எந்த மென்பொருள் நல்லது?

நாலு இலவச மென்பொருள்கள் உண்டு. பென்சில்2டி மிக எளிமையானது, பழைய லப்டொப்பிலும் ஓடும். கிரீட்டா வர்ணம் தீட்ட நல்லது. ஓப்பன்டூன்ஸ் கொஞ்சம் கடினம். ஜப்பானின் ஜிப்லி ஸ்ரூடியோ பாவித்த டூன்ஸ் என்ற மென்பொருள்தான் 2016இல் அந்தப் பெயரில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. பிளெண்டர் முப்பரிமாணத்துக்கும் இருபரிமாணத்துக்கும் உதவும், ஆனால் அதற்குப் பலமான கணினி வேண்டும். 2025இல் ஒஸ்கார் வாங்கிய லத்வியா நாட்டு முழுநீளப் படம் பிளெண்டரில்தான் செய்யப்பட்டது.

போன் மட்டும் இருந்தால் பிளிப்பாகிளிப். முந்திய படத்தை மங்கலாகக் காட்டும் ‘ஒனியன் ஸ்கின்’ வசதி இவை எல்லாவற்றிலும் இருக்கிறது, அதை எப்போதும் போட்டு வையுங்கள். களவாக உடைத்த மென்பொருள்களை ஏற்ற வேண்டாம். இலவசமாக நல்லது இருக்கும்போது வைரசையும் வாங்கிக்கொண்டு களவும் எடுப்பானேன்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமியுங்கள். ஒருநாள் கறன்ட் போனதில் மூன்று மணித்தியால வேலையை இழந்து நான் அழுதிருக்கிறேன்.

தமிழ் பேசும் பாத்திரத்துக்கு வாயசைவு எப்படிப் போடுவது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதற்குப் பதில் தேடிப் போனால் கிடைப்பதெல்லாம் ஆங்கில எழுத்துக்கான வாய்ப் படங்கள்தான். அவற்றை அப்படியே போட்டால் தமிழ் பேசும் வாய் வேறெங்கோ போகும். எங்கள் வகுப்பில் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசி நாங்களே ஒன்று செய்துகொண்டோம்.

ஆறு வாய் போதும். ப, ம இரண்டுக்கும் மூடிய வாய். வ வுக்குக் கீழுதடு மேற்பல்லை நெருங்கும் வாய். அ, ஆ வுக்குத் திறந்த வாய். இ, ஈ, எ, ஏ க்கு அகன்ற வாய். உ, ஊ, ஒ, ஓ வுக்குக் குவிந்த வாய். ல, ள, ழ, ந, ண போன்றவற்றுக்குப் பாதி திறந்து நாக்கு தெரியும் வாய். க, ச, ட, த, ற வுக்குத் தனி வாய் வேண்டாம். பக்கத்தில் வரும் உயிரெழுத்தின் வாயே அவற்றையும் சுமக்கும். ஐ என்றால் திறந்த வாயிலிருந்து அகன்ற வாய்க்கு, ஔ என்றால் திறந்த வாயிலிருந்து குவிந்த வாய்க்கு வழுக்கிப் போக வேண்டும்.

தமிழின் உயிர் இரட்டிப்பில் இருக்கிறது. ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடி, மூடியபடியே கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் திறக்கிறது. எங்கள் பதிவு ஒன்றில் 24 பிரேம் கணக்கில் அ வுக்கு 3, மூடிய வாய்க்கு 5, ஆ வுக்கு 6 வந்தது. அந்த 5 பிரேமைத் தராமல் 2 பிரேமோடு விட்டால் ‘அமா’ என்று கண்ணுக்குக் கேட்கும். ‘கப்பல் வருது’ என்பதில் திறந்த வாய், நின்று மூடிய வாய், மறுபடி திறந்த வாய், நாக்கு தெரியும் வாய், கீழுதடு மேலேறும் வாய், திரும்பவும் திறந்த வாய், கடைசியில் குவிந்த வாய். நிறுத்தம் ‘ப்ப’வில்தான். மூடும் வாய் சத்தத்துக்கு ஒரு பிரேம் முன்னாலேயே வந்தால் நன்றாகப் பொருந்தும். பிந்தினால் உடனே தெரிந்துவிடும்.

எழுதியதைப் பார்த்து வாயசைக்க வேண்டாம், பேசியதைக் கேட்டு அசையுங்கள். எழுதுவது ‘வாருங்கள்’. மூதூரில் ஒருவிதமாக, நகரத்தில் இன்னொருவிதமாக, உங்கள் அம்மம்மா வேறொருவிதமாகச் சொல்வார். அம்மம்மாவைப் பதிவுசெய்யுங்கள்.

வரையாமல், பிளாஸ்ரிசின் உருவங்களைப் போனில் படம்பிடித்துச் செய்யலாமா?

செய்யலாம், வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய ஏற்றது இதுதான். உருவத்தைக் கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து அடுத்த படம் என்று எடுக்க வேண்டும். எங்கள் ஊருக்கென்று சில இடைஞ்சல்கள் இருக்கின்றன. ஆடி, ஆவணி வெயிலில் பிளாஸ்ரிசின் இளகிக் கை கால் தொங்கிவிடும்; உள்ளே மெல்லிய கம்பி வைத்துச் செய்யுங்கள், வேலை செய்யாத நேரம் குளிரான இடத்தில் வையுங்கள். யன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். ஒரு முகில் கடந்தால் போதும், படம் முழுக்க மினுங்கும். யன்னலை மூடி, ஒரே பல்பை ஒரே இடத்தில் வைத்து, வெளிறிய நிறச் சட்டை போடாமல் எடுங்கள். வெள்ளைச் சட்டையிலிருந்து திரும்பும் வெளிச்சமும் படத்தில் விழும்.

போனைப் புத்தகங்களுக்கு நடுவே இறுக்கி, திரையை விரலால் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் போனைத் தொட்டால் அது அசையும். பல போன்களில் இயர்போனின் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினால் படம் எடுக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை.

பிளாஸ்ரிசின் கிடைக்காவிட்டால் பிறிஸ்டல் போட்டில் உருவத்தை வெட்டி, மூட்டுகளை நூலால் கோத்து, வெளிச்சத்தின்மேல் வைத்து நிழலாக எடுங்கள். ஜேர்மனியின் லொட்டே ரைனிகர் கத்தரிக்கோலால் வெட்டிய இப்படியான உருவங்களால் 1926இல் முழுநீளப் படமே செய்தார்.

இராவணன் வெட்டுக் கதையை அரைமணி நேரப் படமாக எடுக்கப் போகிறேன். எங்கே தொடங்குவது?

உங்கள் ஆசையைக் குறைக்க மாட்டேன். கணக்கை மட்டும் பாருங்கள். செக்கனுக்கு 12 படம் என்றாலும் ஒரு நிமிடத்துக்கு 720. அரைமணிக்கு 21,600. நாளுக்கு 20 வரைந்தால் மூன்று வருடம். அதனால் அந்தக் கதையிலிருந்து பத்துச் செக்கனை எடுங்கள்: வாள் ஓங்குகிறது, பாறை பிளக்கிறது, ஒரு காகம் பறக்கிறது. 120 படம். அதற்கு முன்னால் ஆறு சின்னக் கட்டத்தில் கதையை வரைந்து யாரிடமாவது காட்டுங்கள். அவர்களுக்கு வாயால் விளக்க வேண்டி வந்தால் கட்டத்தை மாற்றுங்கள்.

பெரிய கதைகளைவிடச் சின்ன விசயங்கள் தொடக்கத்துக்கு நன்றாக வரும். சந்தையில் மீன் தலைக்குக் காத்திருக்கும் பூனை, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் முதல் வாளி பட்டதும் துள்ளும் தம்பி, மார்கழிக் காற்றில் பிரளும் குடை.

செயற்கை நுண்ணறிவு எல்லாம் செய்துவிடும்போது இதைக் கையால் பழகுவது எதற்கு?

இப்போது வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அந்தக் கருவிகளில் சொல்லை எழுதினால் அசையும் படம் வருவது உண்மை. அது சரியா பிழையா என்று சொல்ல உங்களுக்குத் தெரிய வேண்டும். மானின் கால் ஒழுங்கு தெரியாதவருக்குப் பிழையாக நடக்கும் மானும் அழகாகத்தான் தெரியும். ‘அம்மா’வில் வாய் எத்தனை பிரேம் மூட வேண்டும் என்று தெரிந்தவர்தான் கருவி தந்ததைத் திருத்துவார். கருவியைப் பாவிப்பதும் விடுவதும் பிறகு உங்கள் விருப்பம்.

சாதாரண தரப் பரீட்சை வருகிறது, இது படிப்பைக் கெடுக்காதா? இதற்கு வேலை இருக்கிறதா?

பெற்றோரின் கேள்வி, நியாயமான கேள்வி. நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் முழுதாக நிறுத்தினாலும் கை மறக்காது. நானே பிள்ளைகளை நிறுத்தி அனுப்புகிறேன்.

வேலையைப் பொறுத்தவரை, திருகோணமலையில் அனிமேஷன் என்று சொல்லி மாதச் சம்பளம் தரும் இடம் தேடினால் ஏமாற்றம்தான். விளம்பர வேலை கொழும்பில்தான் அதிகம். வெளிநாட்டு வேலை இணையம் வழியாக வரும், அதற்கு ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலைகளைத் தமிழிலேயே பட்டப்படிப்பாகப் படிக்கலாம். தொழிற்பயிற்சி வழியாகப் போவதென்றால் அந்தப் பாடநெறிக்கு என்விகியூ எனும் தேசியத் தொழில் தகைமை இருக்கிறதா, எத்தனையாம் மட்டம் என்று முதலில் கேளுங்கள்.

காசு கட்டிச் சேர்வதற்கு முன்னால் இன்னொன்றையும் கேளுங்கள்: முன்பு படித்த மாணவர் செய்த படம் ஒன்றைக் காட்ட முடியுமா? நான் இளவயதில் ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாதக் காசை ஒரேயடியாகக் கட்டினேன். மூன்று மாதம் மென்பொருளின் பொத்தான்களின் பெயரைத்தான் எழுதினோம். ஒரு பந்தைக்கூட அங்கே விழுத்தவில்லை. அந்தக் காசு அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்து முடித்த படத்தை யாரிடம் காட்டுவது?

அந்த அசைவை அன்றாடம் செய்பவரிடம். கிண்ணியாத் தங்கச்சி தன் 20 படத்தையும் முடித்து எனக்குக் காட்டினாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வாப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் போனைக் கையில் வாங்கி இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “மகள், வலையை விட்ட உடன கைய கீழ போட்டுட்டார் இவர். அப்படிப் போட்டா வலை சுருண்டிரும். கை நீட்டினபடியே நிக்கோணும், கயிறு மணிக்கட்டுல இருந்து இழுபட்டுப் போறது தெரியோணும்” என்றாராம். அடுத்த சனிக்கிழமை அவள் விறாந்தை மூலையில் உட்கார்ந்து 11ஆம் படத்திலிருந்து 14ஆம் படம் வரை நாலையும் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப வரைந்தாள்.